லேசர் அறைச் சுவரில் ஒரு கேள்வி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

இந்த மருத்துவமனையை விட்டுப் போகிறவர்கள் போவதற்கு முன் நாலு வார்த்தை எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே ஒரு பழக்கம். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் தலை நரைத்தவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. நான் ஓய்வு பெறவும் இல்லை. பண்ணைக்காட்டில் திறக்கப்போகும் கிளைக்குப் பொறுப்பாகப் போகிறேன். ஆனாலும் பத்து வருஷமாக இந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து மனிதர்களின் உள்ளங்கால்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

லேசர் இயந்திரத்தை எப்படி இயக்குவது, கண்ணுக்குக் கண்ணாடி எப்போது போடுவது, புகையை எப்படி உறிஞ்சி வெளியேற்றுவது என்பதெல்லாம் ஸ்டெல்லாவின் நோட்டில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறாள். அவள் நோட்டில் இல்லாத ஒன்றைத்தான் நான் எழுதுகிறேன்.

என் ஊர் இந்தக் கொடைக்கானலிலிருந்து அரை நாள் இறங்கி நடக்க வேண்டிய ஊர். ரோடு கிடையாது. அரிசி, மண்ணெண்ணெய், சிமெண்டு எதுவானாலும் குதிரை முதுகில்தான் வர வேண்டும். என் அப்பா கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பத்தாவது தேறி, மதுரையில் நர்ஸ் படிப்பும் முடித்து, வெள்ளை உடுப்போடு நான் ஊருக்குள் போன அன்று என் அம்மா என்னைத் தொட்டுப் பேசத் தயங்கினாள். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

இங்கே நான் சேர்ந்தபோது உள்ளங்காலில் மரு என்று வருகிறவர்களை யாரும் விரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜனங்கள் எல்லாவற்றையும் 'ஆணி' என்பார்கள். நேராக அழுத்தினால் வலிப்பது காய்ப்பு, இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது மரு என்று எனக்கு நானே கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். பிளேடால் மெல்லச் சீவி, மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி, வாராவாரம் வரச் சொல்லி, நாலைந்து மாதத்தில் எடுத்துவிடுவேன். 'பிளேடு சிஸ்டர்' என்று கேட்டால் மலைக்கோடியில் இருக்கும் கிளாவரையிலிருந்து வருகிறவருக்குக்கூட என் பெஞ்சைக் காட்டுவார்கள்.

அதில் எனக்கு மட்டும் தெரிந்த கைவேலை ஒன்று இருந்தது. எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். நாலு வீட்டுக்கு ஒரு கோயில் இருக்கிற ஊர். எல்லையில் ஒரு மரம் நிற்கிறது. வெளியே போய்வருகிறவர்கள் அதன் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சாக்கோ துணியோ காலில் சுற்றிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பனிக்காலத்தில் வயசாளிகள் அப்படித்தான் நடப்பார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்கு வந்தால், காடாத்துணியை எட்டாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, கணுக்காலோடு சேர்த்து ஒரு கட்டுப் போட்டு அனுப்புவேன். குதிரைச் சாணத்தை மிதித்தாலும் உள்ளே போகாது. இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எதிலும் எழுதிவைக்கவும் இல்லை. என் சொத்து என்று வைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டு நண்பர்கள் யாரோ பழைய லேசர் இயந்திரம் ஒன்றை நம் டாக்டருக்கு அனுப்பிவைத்தார்கள். மருவைச் சுட்டு எடுக்கும் இயந்திரம். டாக்டருக்கு உதவியாக ஒரு நர்ஸ் மதராஸ் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் பெட்டி அடுக்கவில்லை, அவ்வளவுதான். மனதுக்குள் கிளம்பிவிட்டேன்.

டாக்டர் ஸ்டெல்லாவை அனுப்பினார்.

ஸ்டெல்லா வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. செண்பகனூர்ப் பெண். அவள் அப்பா ஒரு பங்களாவில் சமையல்காரர். பங்களாப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடியே அவளுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. நான் இங்கிலீஷை மனப்பாடம் செய்தவள். "பயிற்சி முழுக்க இங்கிலீஷ்ல நடக்குது பொன்னுத்தாயி, புஸ்தகமும் இங்கிலீஷ்" என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்றேன். அன்று ஒரு பெரியவரின் காலைச் சீவும்போது ரத்தம் வரும்வரை சீவிவிட்டேன்.

அவள் திரும்பி வந்த பிறகு அவளிடம் எனக்குப் பிடிக்காதது எது என்று கேட்டால் எதைச் சொல்வேன்? அவளுடைய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அவள் கையெழுத்து. "எக்ஸ்கியூஸ் மீ டாக்டர்" என்று அவள் சொன்னால் டாக்டர் உடனே திரும்பிப் பார்ப்பது. என் பெஞ்சில் நாலு மாதம் உட்கார வேண்டியவர்கள் அவள் அறைக்குள் போய்க் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். அறைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நான் தினமும் பார்ப்பேன். மழைக்காலத்தில் மின்சாரம் தாழ்ந்து இயந்திரம் நின்றுபோனால் என் வயிற்றில் குளுகுளுவென்று இருக்கும். அப்போது யாராவது என்னிடம் வந்து, "பிளேடு சிஸ்டர், உள்ளாற மிசினு படுத்துக்கிச்சு, நீங்களாச்சும் பாருங்க" என்பார்கள். சிரித்துக்கொண்டே பார்ப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நன்றாக இல்லை.

"அக்கா, மரத்துப்போற ஊசி போடறப்ப நீங்க பக்கத்துல நில்லுங்க. உள்ளங்கால்ல போடறது எனக்கே பயமா இருக்கு" என்று ஸ்டெல்லா ஒருநாள் கேட்டாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். பெஞ்சு காலியாக இருந்தது. அதை அவளும் பார்த்தாள்.

சின்னராசு மாமா எங்கள் ஊரில் குதிரை வைத்திருப்பவர். முறைக்கு மாமா. மூன்று குதிரைகளில் பூண்டு மூட்டை ஏற்றி மேலே கொண்டுவருவார், சாமான் ஏற்றி இறங்குவார். வலது காலில் பெருவிரலுக்குக் கீழே, பாரம் முழுவதும் விழும் இடத்தில், அவருக்கு மரு. எட்டு மாதமாக என் கையில்தான் வைத்தியம். வாராவாரம் வர முடியாது அவரால். நான் சீவிய இடத்தில் அடுத்த முறைக்குள் மறுபடி வளர்ந்திருக்கும். என் கையில் ஆறாத ஒரே கால் அது என்றே சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மேலே வந்தவர், திங்கட்கிழமை காலையில் லேசர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கோவிச்சுக்காத தாயி. அந்த மிசினு வெரசா பொசுக்கிப்புடுதாம்ல. ஒங்கிட்ட வந்தா மாசம் நாலு நடை. நான் இங்கன கெடந்தா குதிரைச் சோலிய யாரு பாக்குறது?"

"நான் எதுக்கு மாமா கோவிக்கிறேன்? போங்க, போய்ப் பொசுக்கிக்கங்க."

"பாத்தியா, கோவிச்சுக்கிட்ட."

அரை மணி கழித்துக் கட்டுத்துணி தீர்ந்துவிட்டது என்று ஸ்டெல்லா கேட்டனுப்பினாள். கொண்டுபோனேன். அறை முழுக்க முடி கருகிய நாற்றம். டாக்டர் வேலை முடித்துக் கை கழுவப் போய்விட்டார். மாமாவின் காலில் எட்டு மாதம் என்னை ஏமாற்றிய அந்த இடத்தில் வட்டமாக, சுத்தமாக, ஒரு குழி. அவ்வளவு அழகான வேலை. வாசற்படியிலேயே நின்றேன்.

ஸ்டெல்லா கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இது ஆற ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் செருப்பு இல்லாம ஒரு அடிகூட வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்புத்தான். தண்ணி, மண்ணு, சாணி எதுவும் படக் கூடாது. தெரிஞ்சுதா?"

"சரிங்க சிஸ்டர்."

"இன்னொரு தடவை சொல்றேன். செருப்பு."

"சரிங்க சிஸ்டர்" என்றவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, காத்திருந்தார். எனக்கு அது தெரிந்தது. நான் கையிலிருந்த துணிச்சுருளைப் பார்த்தேன்.

அவர் நொண்டிக்கொண்டே வெளியே போனதும் ஸ்டெல்லா என்னிடம் கேட்டாள்: "உங்க ஊர்க்காரர்தானேக்கா? நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்குப் புரிந்திருந்தது. புரிந்துகொண்டு எல்லை மரம் வரை செருப்போடு நடப்பார், அதற்கப்புறம் வெறுங்காலோடு குதிரைக் கொட்டகைக்குள் போவார் என்று எனக்கும் தெரிந்திருந்தது. மதராஸுக்குப் போய் வந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. நோயாளி அவளுடையவர், அவள் பாடு என்று இன்னொரு எண்ணம். காடாத்துணி என் அலமாரியில் இருந்தது. பத்தடி தூரம்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு நொடித் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் கடைத்தெருவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாத்தான் நடமாடுறாரு. பரவாயில்லயே, அந்த மிசினு" என்றார். நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவரிடம் துணியும் பஞ்சும் கொடுத்தனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பத்தாம் நாள் காலை, நான் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமாவின் மனைவி வந்து நின்றாள். நடுச்சாமத்திலேயே கிளம்பி ஒற்றை ஆளாக ஏறி வந்திருக்கிறாள். மூச்சு இரைத்தது.

"காலு முழங்கால் வரைக்கும் வீங்கிக் கெடக்கு பொன்னு. மூணு நாளா காய்ச்சலு. நேத்துலேருந்து எந்திரிக்க மாட்டேங்குறாரு. மாத்திரை ஏதாச்சும் குடுத்தா வாங்கிட்டு ஓடிருவேன்."

"மாத்திரையில தீராது அத்தை. வாங்க" என்று அவளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டுவிட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

"செருப்புப் போடணும்னு சொன்னியா, இல்லையா?"

"மூணு தடவை சொன்னேன் டாக்டர்."

"சும்மா சொன்னா ஆச்சா? அவருக்குப் புரியற மாதிரி சொன்னியா? ட்ரெயினிங் எதுக்கு அனுப்பினோம்?"

ஸ்டெல்லாவின் கண் நிறைந்துவிட்டது. தங்கைகளே, அந்த இடத்தில் எனக்கு இனித்தது. அந்த அத்தை பக்கத்தில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே இனித்தது.

"பொன்னுத்தாயி அக்காகிட்டக் கேட்டேன் டாக்டர். புரிஞ்சுதுன்னு சொன்னாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"புரிஞ்சுது டாக்டர்" என்றேன். "ஆனா அந்த ஊருக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டாங்க."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நான் அங்கதான் பொறந்தேன் டாக்டர்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலை."

இதைச் சொன்னது நான்தான். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவள், அதற்குப் பதில் இதைச் சொன்னேன். டாக்டர் எழுந்து ஊசி மருந்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் போங்க. ஊசி போட்டு, உள்ள சீழ் கட்டியிருந்தா திறந்து விட்டுட்டு, டோலி கட்டித் தூக்கிட்டு வாங்க. காலைக் காப்பாத்தணும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வழி முழுக்க ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. அத்தைதான் அவள் கையைப் பிடித்து இறக்கங்களில் இறக்கிவிட்டாள். எல்லை மரத்தடியில் ஏழெட்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. எல்லாம் தேய்ந்து வெளிறியவை. ஓரமாக ஒரு ஜோடி மட்டும் புத்தம்புது ரப்பர் செருப்பு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நேராக வைக்கப்பட்டிருந்தது.

"இது அவருதுதான்" என்றாள் அத்தை. "சிஸ்டர் சொல்லிருச்சுன்னு அன்னிக்கே கடைத்தெருவுல வாங்குனாரு. மரம் வரைக்கும் போட்டுத்தான் வந்தாரு."

ஸ்டெல்லா அந்தச் செருப்பையே பார்த்தாள். பிறகு வேரில் உட்கார்ந்து, தன் கான்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்து, அதன் பக்கத்தில் வைத்தாள். யாரும் சொல்லவில்லை. கல்லில் கால் வைக்கத் தெரியாமல் துள்ளித் துள்ளி அவள் ஊருக்குள் நடந்து வந்ததைப் பார்த்து, "யாரு பெத்த புள்ளையோ, எம்புட்டு மரியாதை தெரிஞ்சிருக்கு பாரு" என்று பெண்கள் ஓடிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அவளுக்குத்தான் முதலில். என் ஊரில், என் கண் முன்னால்.

மாமா கட்டிலில் கிடந்தார். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கட்டு என்று ஒரு கறுத்த துணி. அதைப் பிரித்தால் குழிக்குள் சீழோடு வைக்கோல் துணுக்கு. ஸ்டெல்லா ஊசிக்கு மருந்து ஏற்றினாள். நான் காலைப் பிடித்தேன்.

"மாமா, ஏன் மாமா துணி கட்டிக்கல? எட்டு மாசம் நான் கட்டி விடலையா?"

அவர் என்னைக் குறை சொல்கிற குரலில் பேசவில்லை. காய்ச்சலில் மெதுவாகச் சொன்னார்.

"கட்டலாம்னுதான் நெனச்சேன் தாயி. நீ அங்கனதான நின்ன? ஒன் மூஞ்சியப் பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. நம்ம புள்ளையே பேசாம நிக்குது, அப்ப இந்த வைத்தியத்துக்குத் துணி தேவையில்ல போலன்னு விட்டுட்டேன்."

ஸ்டெல்லா ஊசியோடு அப்படியே நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நான் பேசாமல் இருந்தால் அது வெறும் மௌனம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அதுவும் வைத்தியம் தெரிந்த பிள்ளை சொன்ன யோசனை. படித்தவள் என்று ஊர் எனக்குக் கொடுத்த மரியாதையின் அர்த்தம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

அழ நேரம் இல்லை. சீழ் பாதத்தின் நடுவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. டோலியில் ஏறிப்போக ஒரு பகல் ஆகும். அங்கேயே திறப்பதா, தூக்கிக்கொண்டு போவதா? திறந்தால் நரம்பில் பட்டுவிடலாம். திறக்காவிட்டால் போகிற வழியிலேயே சீழ் காலுக்கு மேலே ஏறிவிடலாம். "அக்கா, நீங்கதான் செய்யணும். கால் உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா. அந்த நாள் முழுவதிலும் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். என் பிளேடை எடுத்தேன். எட்டு மாதம் சீவிய கால். எங்கே தோல் தடிப்பு, எங்கே நரம்பு என்று விரலுக்குத் தெரியும். திறந்தேன். வந்ததெல்லாம் வந்தது. கழுவி, மருந்து வைத்து, காடாத்துணியை எட்டாக மடித்தேன். ஸ்டெல்லா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்கக்கா."

கட்டிக் காட்டினேன்.

மறுநாள் நாலு பேர் டோலி தூக்கினார்கள். மாமா மூன்று வாரத்துக்கு மேல் வார்டில் கிடந்தார். கால் தப்பியது. ஆனால் பெருவிரல் மடங்குவதில்லை. இறக்கத்தில் குதிரைக்கு முன்னால் ஓட முடியாது. குதிரைகளை மருமகன் ஓட்டுகிறார். மாமா வீட்டில் பூண்டு தரம் பிரிக்கிறார். நான் அவரிடமும் அத்தையிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அத்தை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. மாமா, "விடு தாயி, நானும் வாயத் தொறந்து கேட்டிருக்கணும்" என்றார். அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

லேசர் அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறதே, கட்டுப் போடுவதற்கு முன் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள், அதில் முதல் கேள்வி: 'உங்கள் ஊருக்குள் செருப்புப் போடுவீர்களா?' கையெழுத்து ஸ்டெல்லாவுடையது. கேள்வி என்னுடையது. வெளியூர் டாக்டர்கள் வந்து பார்த்து நல்ல யோசனை என்று சொல்லும்போதெல்லாம் அவள், "பொன்னுத்தாயி அக்கா சொன்னது" என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தன் பெயரில் வைத்துக்கொண்டதில்லை. அந்தக் குணம்கூட அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று அதற்கும் எனக்கு எரியும்.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் எழுத முடியாது. உங்களில் ஒருத்தியைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், மற்றவர்களை அனுப்ப மாட்டார்கள். வயிறு எரியத்தான் செய்யும். எரிந்துகொண்டே போய், உங்களுக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். கடுகடுவென்று சொன்னாலும் பரவாயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை. நோயாளிக்குத் துணி போய்ச் சேர்ந்தால் போதும்.

காடாத்துணி என் அலமாரியின் மேல்தட்டில் வெட்டித் தயாராக இருக்கிறது. சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்திருக்கிறேன். எப்படிக் கட்டுவது என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் எங்கள் இரண்டு பேர் கட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட அவள் கட்டுவதுதான் அவிழாமல் நிற்கிறது.